கீழ் இடது கடைவாய்ப் பல்

ஆண்டர்சன்பேட்டை,
12-8-1964

அருமை மகள் ஜூடித்துக்கு அப்பா ஏசுபாதம் ஆசீர்வாதம் கூறி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பி வால்டரும் சுகம், என் ஈறு நீங்கலாக. உன்னோடு வேலை செய்யும் நர்சுகள் அனைவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உங்கள் ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் என் ஈறைக் கிழித்துச் சுரண்டித் தைக்க ஆறு தடவை வரச் சொன்னதையும், அதற்காக நீ கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுக்கப்போவதையும் உன் கடிதத்தில் கண்டேன். அந்தச் செலவில் ஒரு கறவை மாடு வாங்கலாம், மாடாவது பால் கொடுக்கும். அறுபத்திரண்டு வயசில் எனக்கு இன்னும் எத்தனை எலும்பு கடிக்க பாக்கி இருக்கு? இப்படி எழுதி முடிச்சிடலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா உன்கிட்ட பொய் சொல்ல வரலம்மா, நான் வைத்தியத்துக்கு வராததுக்கு உண்மைக் காரணம் வேற.

அந்தக் கீழ் இடது கடைவாய்ப் பல் சும்மா ஆடல. ஈஸ்டருக்கு மறுநாள் காபி குடிக்கும்போது, வாய்க்குள்ள தேனீ மாட்டின மாதிரி அது தானா உறும ஆரம்பிச்சுது. ஒரு மணி நேரம் கழிச்சு சுரங்கத்துல பூமிக்கடியில பாறை வெடிச்சு அலமாரியில கப்பெல்லாம் குலுங்குச்சு. நம்ம ஊர்ல கப் குலுங்கறது புதுசான்னு விட்டுட்டேன். அடுத்த மாசமும் பல் உறுமுச்சு, கப் குலுங்குச்சு. மூணாவது தடவை உறுமினப்போ, எனக்கு வயித்துவலின்னு நடிச்சு வால்டரை வேலைக்குப் போகவிடாம பிடிச்சு வச்சேன். அன்னிக்கு சுரங்கத்துல அவன் வேலை பார்க்கிற ஆழத்துல, அதே லெவல்ல, ரெண்டு பேர் செத்துட்டாங்க. அம்மா இதைப் பக்கத்து வீட்டு பாப்பம்மாகிட்ட சொல்ல, இப்போ காலை ஷிப்டுக்கு முன்னாடி நம்ம வாசல்ல ஒரே கூட்டம். பாப்பம்மா புருஷனைக் கையோட இழுத்துட்டு வந்து, "இன்னாண்ணா, இன்னிக்கு பல்லு இன்னா சொல்லுது?"ன்னு கேக்குது. நான் வாயைத் திறக்கணும், எதிர்வீட்டு கோவிந்தன் காதை வச்சுப் பார்ப்பான். ஒருநாள் வேர்க்கடலை மாட்டிக்கிட்டு லேசா வலிக்குதுன்னு சொல்லிட்டேன், பதினோரு பேர் லீவு. மேஸ்திரி வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். போகும்போது மெதுவா, நாளைக்கு எப்படின்னு கேட்டுட்டுத்தான் போனார்.

நான் முப்பது வருஷம் சுரங்கத்துக் கூரை சரியாம முட்டுக்கட்டை வச்சவன். மரக்கட்டை உடையறதுக்கு முன்னாடி கிரீச்சுன்னு பேசும், ஓடிப் பிழைச்சுக்கலாம். இரும்பு பேசாது. உங்க டாக்டர் என் பல்லை இரும்பாக்கப் பார்க்கிறார். அது உறுமும்போது எனக்குப் பயமா இருக்கு, ஜூடித். உறுமாத நாள்ல அதைவிடப் பயமா இருக்கு. வால்டருக்குப் பூமிக்கு மேலே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைக்கிற வரைக்கும் இந்த வியாதி எனக்கு வேணும்.

ஆகவே உன் கல்யாணப் பணம் உன் கல்யாணத்துக்கே இருக்கட்டும். டாக்டருக்கு என் வந்தனம். கர்த்தர் உன்னையும் உன் முப்பத்திரண்டு பற்களையும் காத்து நடத்துவாராக.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
ஏசுபாதம்

பி.கு.: கவரில் ஒட்ட ஸ்டாம்பை நாக்கில் நனைக்கும்போது பல் ஸ்டாம்போடயே வந்துடுச்சு. வலியே இல்லை. விட்டது சனின்னு சிரிச்சேன். மிச்சப் பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கலாம், வெள்ளிக்கிழமை வரேன்னு எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். அம்மா அந்தப் பல்லைக் கழுவி ஒரு சாசரில் போட்டு மேசைமேல வச்சிருக்கா. வால்டர் மதியம் ஷிப்டுக்குக் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகுது. அலமாரியில ஒரு கப்பும் அசையல. சாசருக்குள்ள பல் மட்டும் தட்டிக்கிட்டே இருக்கு. அவன் கீழே இறங்கறதுக்குள்ள தடுக்க நான் சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்குப் போறேன். இதை அம்மா தபால்ல போடுவா.