கார் டிக்கியில நடந்த கவுன்சில் கூட்டம்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு முப்பது தமிழ் ஆம்பிளையளை ஒரு மண்டபத்துக்குள்ள கொண்டுவந்து இருத்த வேணும்.

இது தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. வெள்ளைக்காரன்ர ஊரில, ஸ்ட்ரெதம் பக்கம், எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம் கவுன்சில் எண்ட நகரசபையின்ர மண்டபத்திலதான் நடந்தது. நான் செயலாளர். பொதுக்கூட்டத்தில மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினன், தெரிவு செய்துபோட்டினம்!

எங்கட பிறந்தநாள், பெட்டையள் பெரிசானால் வைக்கிற சாமத்தியவீடு எல்லாத்துக்கும் அதே மண்டபம்தான். உள்ளுக்குக் குத்துவிளக்கும் மரக்கறிச் சாப்பாடும். வெளியில, கார் பார்க்கில, டிக்கியைத் திறந்து வைச்சுப் பிளாஸ்டிக் கப்பில விஸ்கி. பெண்டுகளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் தெரியாது. வெறும் போத்தலுகள் மட்டும் கவுன்சில் வளர்த்த பூமரங்களுக்குக் கீழ கிடக்கும்.

ஒருநாள் கவுன்சிலில இருந்து ஜூலியா எண்ட வெள்ளைக்காரப் பிள்ளை வந்தா. கையில அந்தப் போத்தலுகளின்ர படம்.

"குடியால வாற கேட்டைக் குறைக்க எங்களிட்ட ஒரு திட்டம் இருக்கு. உங்கட ஆம்பிளையள் முப்பது பேராவது கூட்டத்துக்கு வரவேணும். வராட்டி இனி மண்டபம் தர ஏலாது" எண்டா.

நூறு பிள்ளையள் படிக்கிற இடம்! மண்டபம் போனால் பள்ளிக்கூடம் படுத்திடும். "முப்பதென்ன, நாப்பது பேரைக் கொண்டுவாறன்" எண்டு சொல்லிப்போட்டன். என்ர வாய் இருக்கே!

முதல்ல பொன்னம்பலம் அண்ணைக்குப் போன் அடிச்சன்.

"கூட்டமோ? என்னத்தைப் பற்றி?"

"குடியைப் பற்றி அண்ணை."

"ஏன், நான் குடிக்கிறனானோ?"

போன சனிக்கிழமை என்ர கப்பில ஊத்தினதே இந்த மனுசன்தான்! "சீ, இல்லை அண்ணை. சும்மா வந்து இருங்கோ."

"வந்து இருந்தால் குடிகாரன் எண்டெல்லோ சனம் கதைக்கும்? மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறன் தம்பி. மனுசியை அனுப்புறன்."

அடுத்தவரும் இதே கதை. அதுக்கடுத்தவரும் இதே கதை. ஒருத்தர் மட்டும் ஆர்வமாக் கேட்டார், "ஆர் ஆர் வருகினம் எண்டு சொல்லும், ஆரார் குடிக்கிறாங்கள் எண்டு பாப்பம்!"

சனிக்கிழமை மூண்டு மணி. மண்டபம் நிறைஞ்சுது. பட்டுச்சீலை, பிளாஸ்க்கில தேத்தண்ணி, பெட்டி நிறைய வடை. ஒரு மீசை கூட இல்லை!

"ஆம்பிளையள் எங்க?" எண்டு கேட்டா ஜூலியா.

"வந்துகொண்டிருக்கினம்" எண்டன். செயலாளராயிருந்து நான் படிச்ச ஒரே வசனம் அதுதான்.

ஜூலியா ஒரு கிளாசைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு குடிச்சால் ஒரு யூனிட், அதான் குடியை அளக்கிற கணக்கு, எண்டு விளக்கினா. பிறகு ஒரு படிவத்தை எடுத்தா. "உங்கட கணவர் கிழமைக்கு எவ்வளவு குடிப்பார்?"

தமிழில சொல்லுறது என்ர வேலை. சொன்னன்.

"அவர் தொடவே மாட்டார்."

"எங்கட இவருக்கு அந்த மணமே ஒத்துவராது."

முன்வரிசையில என்ர மனுசி சாந்தி எழும்பினா. "இவருக்குப் பள்ளிக்கூட வேலைக்கே நேரமில்லை, இதில குடிக்க எங்க நேரம்?" அதையும் நானே இங்கிலீசில சொன்னன், வெக்கமில்லாமல்.

படிவம் முழுக்கப் பூச்சியம். ஜூலியா பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தா. "அப்ப அந்தப் போத்தலுகளை ஆர் குடிச்சது?"

நியாயமான கேள்வி! "ஒருக்கா வெளியில பாத்திட்டு வாறன்" எண்டு நழுவினன்.

வெளியில வந்து பாத்தால், ஐயோ கடவுளே! எல்லாரும் நிக்கினம்! மனுசிமாரைக் காரில கொண்டுவந்து இறக்கிப்போட்டு, கூட்டம் முடியுமட்டும் காவல் நிக்கினமாம். டிக்கி திறந்திருக்கு. பொன்னம்பலம் அண்ணை ஊத்திக்கொண்டு நிக்கிறார்.

"ரெண்டு மணித்தியாலம் சும்மா நிக்கேலுமே தம்பி?"

"அண்ணை, மண்டபம் போகப்போகுது! உள்ளுக்கு வாங்கோ!"

"உமக்கு ஏன் இப்பிடி அந்தரம்? முதல்ல இதைப் பிடியும்."

பிடிச்சன். பிடிச்ச உடன வாயில வைக்கவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. வைச்சன்.

பின்னால கதவு திறந்தது. ஜூலியா. அவவுக்குப் பின்னால பட்டுச்சீலை முழுக்க. முன்னுக்குச் சாந்தி.

ஒருத்தர் கப்பைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார், காற்சட்டையால ஒழுகிச்சுது. ஜூலியா விரலை நீட்டி எண்ணத் துடங்கினா. எண்ணி முடியச் சிரிச்சா.

"முப்பத்தினாலு! நான் கேட்டது முப்பதுதானே!"

டிக்கிக்குள்ளயே துண்டுப்பிரசுரங்களை அடுக்கி வைச்சு, நிண்ட நிலையில கூட்டத்தை நடத்தினா. பிடிபட்ட பிறகு என்ன வெக்கம்? எங்கட ஆக்கள் கேள்வியும் கேட்டினம்.

"மேடம், ஐஸ் போட்டால் யூனிட் குறையுமோ?"

பெண்டுகள் படிவத்தைத் திரும்ப வாங்கிச்சினம். "அந்தப் பூச்சியத்தை வெட்டுங்கோ பிள்ளை. வெள்ளி ரெண்டு, சனி நாலு, ஞாயிறு மாமா வந்தால் அஞ்சு..." ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதெண்டு இவ்வளவு காலமும் நினைச்ச எங்களைச் சொல்லவேணும்!

கடைசியா ஜூலியா கேட்டா, "இப்ப ஆர் கார் ஓடுறது?"

முப்பத்தினாலு மனுசிமாரும் திறப்புக்குக் கையை நீட்டிச்சினம். கார்ச் சாவியும் வீட்டுச் சாவியும் ஒண்டாக் கிடந்த என்ர திறப்புக் கோர்வையை நான் சாந்தியிட்டக் குடுத்தன். கார் போன பிறகுதான் நான் அதில ஏறேல்லை எண்டு எனக்கு விளங்கினது.

கவுன்சிலுக்கு ஒரே புழுகம், அவ்வளவு சந்தோசம். குடிக்கிற ஆக்களையே நேரில சந்திச்ச முதல் கூட்டம் இதுதானாம், வருசாவருசம் அதே கார் பார்க்கில வைக்கட்டாம் எண்டு கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் தப்பிச்சுது.

மண்டபத் திறப்பைக் கவுன்சில் அடுத்த கிழமையே தந்தது. வீட்டுத் திறப்பைச் சாந்தி தர மூண்டு கிழமை எடுத்தது.