நீலப் பொட்டு வைத்த கீபோர்டு

ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்காக ஒரு முழு ஆம்பிளையைத் தேம்பித் தேம்பி அழவைத்த பெருமை, திருவொற்றியூர் வட்டாரத்தில் இன்றுவரை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் பெயர் பிராக்கெட். அழுத ஆம்பிளை நான். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது, தலையில் பாதி நரை, கல்யாணமாகிப் பதினாறு வருடம்.

பிராக்கெட்டுக்கு ரேஷன் கார்டில் நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவருடைய அம்மாவைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தினமும் காலையில் வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். முப்பத்தைந்து வயது, இறுக்கிப் போட்ட பின்னல், தோளில் பை, கக்கத்தில் கீபோர்டு. ஆமாம், கீபோர்டைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார். "இன்னொருத்தர் கை பட்டுச்சின்னா என் வெரலுக்கு வயி மறந்துபூடும் நைனா" என்பது அவருடைய கட்சி.

எங்கள் அலுவலகம் கயிறு, தார்ப்பாய் விற்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கல்மண்டபத்தில் பருப்பு மொத்த வியாபாரம், எர்ணாவூரில் காலி கன்டெய்னர்கள் அடுக்கும் யார்டு. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் ஒன்று உண்டு. அது ஓடினால்தான் லாரி உள்ளே போகும், வெளியே வரும். அதை எழுதியவர் பிராக்கெட். ஓட்டுபவர் பிராக்கெட். ரிப்பேர் பார்ப்பவரும் அவரே. அந்த மொழியில் எதைச் சொன்னாலும் ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும் என்பதால் வந்த பெயர் அது.

என்னை வேலைக்கு எடுத்த அன்றே அண்ணாச்சி விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்.

"இங்க பாரும் வே. அந்தப் புள்ள நாலு வருசமா ஒரு நாள் லீவு போடல. போட்டா யார்டு நின்னு போவும். மூணு மாசத்துல நீரு தனியா இத ஓட்டணும். முடியலன்னா சொல்லிரும், வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

எனக்கோ அந்த வேலை போனால் விம்கோ நகர் வீட்டில் முகம் காட்ட முடியாது. முந்தைய இரண்டு கம்பெனிகளும் அடுத்தடுத்து மூடி, ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் இருபது வருடம் கம்ப்யூட்டர் பார்த்தேன் என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தேன். அந்த இருபது வருடத்தில் நான் கற்ற ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. அதை நேர்காணலில் சொல்லவில்லை.

பிராக்கெட்டுக்கும் என்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. முதல் நாளே சொன்னார்.

"அம்மாவ நாக்பூரு தீட்சாபூமிக்கு, அம்பேத்கர் புத்த மதத்துக்கு மாறுன எடத்துக்கு, இட்டுனு போணும். அப்பா இர்ந்தப்ப போலாம் போலாம்னாரு, அவரும் பூட்டாரு. அம்மாவுக்கு முட்டி தேஞ்சிகினே வருது. இந்த வருசம் வுட்டா அப்பால நடக்காது. அக்டோபர்ல அஞ்சு நாளு. அதுக்குள்ள ஒன்ன ரெடி பண்ணணும்."

"பண்ணிடலாம் மேடம். புரோகிராமைக் காட்டுங்க."

"அவசரப்படாத. மொதல்ல எடிட்டர செட்டப் பண்ணணும்."

ஓர் எடிட்டர் என்றால் எழுதுகிற திரை, அதை வைக்க அரைமணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் காரியமாக என் மவுஸைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அடுத்து மெனு எல்லாவற்றையும் எடுத்தார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எதைச் செய்வதானாலும் மூன்று விரலால் மூன்று சாவியை ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். வார முடிவில் என் சுண்டுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. என் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே, "அங்க என்னதான் வேலை குடுக்கறாங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். எழுதுவதற்கு முன்னால் செய்யும் வேலை என்றேன். அவள் அதன்பிறகு கேட்கவில்லை.

எடிட்டரை வைத்தால் மொழி வரவில்லை. மொழி வந்தால், எடிட்டரையும் ஓடுகிற புரோகிராமையும் இணைக்கும் துண்டு வேறு பதிப்பு கேட்டது. அந்தப் பதிப்பைப் போட்டால் எடிட்டர் திறக்கவில்லை. "நாளைக்கு முடிஞ்சிரும் நைனா" என்று ஒவ்வொரு மாலையும் சொல்வார். ஒவ்வொரு ஜோடி அடைப்புக்குறிக்கும் தனி நிறம் வர வேண்டும் என்று அதில் ஒன்பது நாள் போயிற்று. எட்டு நிறத்தில் மஞ்சள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "கலீஜா கீது. எண்ணூர் சாம்பல் படிஞ்ச ஜன்னல்ல பாத்தா இது தெரியவே தெரியாது" என்று மாற்றினார், திரும்ப மாற்றினார். நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கு மேடம் இவ்வளவு? எழுதி, நிறுத்தி, திரும்ப ஓட்டினா போதாதா?"

அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"நிறுத்தியா? எண்ணூர் ரோட்ல ஒரு லாரிய நிறுத்துனகண்டி பின்னால எத்தினி லாரி நிக்கும், தெரியுமா ஒனக்கு? ஓடிகினு கீறப்பவே கேக்கணும், ஓடிகினு கீறப்பவே மாத்தணும். தோ பாரு."

ஒரு சின்னத் துண்டு எழுதினார். கடைசி அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் இரண்டு சாவியை அமுக்கினார். எர்ணாவூர் யார்டுக்காக எங்கள் ஆபீஸ் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிலிருந்து பதில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அந்த மொழியின் துண்டுகள் எதையும் ரகசியமாக மாற்றுவதில்லையாம். இன்னதைக் கொடுத்தால் இன்னதைத் தரும், எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். "அண்ணாச்சி மாரி இல்ல. காலில ஒண்ணு சொல்லிட்டு, சாய்ந்தரம் இன்னொண்ணு சொல்றாரு பாரு" என்றார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

புரோகிராமை நிறுத்தக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. கரண்ட் போனாலும் அந்த மெஷினை ஓடவைக்கும் இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். வேறு யாரும் கிட்டே போகக் கூடாது. ஒருமுறை மாடிப்படி விளக்கின் வயரிங் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், "அஞ்சு நிமிசம் மெயினை ஆஃப் பண்ணணும்மா" என்றார். பிராக்கெட் நாற்காலியை இழுத்து மெயின் பெட்டிக்கு முன்னால் போட்டுக் குந்திவிட்டார். சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே வரவழைத்தார். மூன்று மணிக்கு எலெக்ட்ரீஷியன் போய்விட்டார். அந்த விளக்கு இன்றைக்கும் எரிவதில்லை.

அவரிடம் ஒரே கெட்ட பழக்கம்தான். ஓடுகிற புரோகிராமுக்குள் திருத்தத்தை நேராக அனுப்பிவிடுவார், கோப்பில் எழுதிவைப்பதை மட்டும் "அப்பால பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார். அந்த அப்பால எப்போது வரும் என்று நான் கேட்டதில்லை. எனக்கு என் கவலையே பெரிதாக இருந்தது.

நான் அழுதது ஐந்தாவது வாரம். ஓர் அடைப்புக்குறியை எங்கேயோ மூடாமல் விட்டு, பக்கம் முழுவதும் சிவந்துவிட்டது. மதியச் சாப்பாட்டிலிருந்து நாலு மணிவரை தேடினேன். பிராக்கெட் பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே பார்த்திருந்தார். கடைசியில் விரலை நீட்டி, "அங்க" என்றார். கடைசி வரியின் கடைசியில். அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். மூன்று மாதத்தில் ஐந்து வாரம் போய்விட்டது, எனக்கு ஓர் அடைப்புக்குறிகூட மூடத் தெரியவில்லை என்று நினைத்தேன், அழுகை தானாக வந்துவிட்டது. அவர் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

அக்டோபரில் நாக்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பிராக்கெட் தன் பையிலிருந்து நீல நிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து என் கீபோர்டில், மேல் வரிசைச் சாவி ஒன்றின்மீது ஒட்டினார்.

"இத நான் சொல்லாம தொடாத."

திருஷ்டிக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. இரண்டாம் நாள் காலையில் அண்ணாச்சி, யார்டில் வெகுநாளாகக் கிடக்கும் பெட்டிகளின் பட்டியல் கேட்டார். நான் கெட்டிக்காரத்தனமாக ஓடுகிற புரோகிராமிடமே கேட்டேன். கேள்வியில் எங்கோ பிசகு. அது முடிவே இல்லாமல் எண்ண ஆரம்பித்து, திரை உறைந்துவிட்டது. எர்ணாவூர் கேட்டிலிருந்து போன்: "சார், ஸ்க்ரீன் அப்டியே நின்னுகீது." என் கை தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்துவிட்டது. ஆஃப் பண்ணினேன். ஆன் பண்ணினேன்.

புரோகிராம் எழுந்தது. ஆனால் அது கோப்பில் எழுதியிருந்ததை மட்டும் படித்துவிட்டு எழுந்தது. பிராக்கெட் பதினொரு மாதமாக நேராக உள்ளே ஊட்டிய அத்தனை திருத்தமும் போயே போய்விட்டது. யார்டில் புதிதாக வந்த இரண்டு வரிசைகளை அதற்குத் தெரியவில்லை. அங்கே அடுக்கியிருந்த பெட்டி எதைக் கேட்டாலும், அப்படியொரு இடமே இல்லை என்று சாதித்தது. பதினோரு மணிக்கெல்லாம் லாரி வரிசை யார்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க மாடி ஏறி வந்தார்.

"என்னவே பண்ணித் தொலைச்சீரு? அந்தப் புள்ளைக்குப் போனப் போடும். அடுத்த பிளைட்ட புடிச்சு வரச் சொல்லும்!"

வேலை போனது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தேய்ந்த முட்டியோடு அந்த அம்மா அத்தனை தூரம் போய்ச் சேர்ந்திருப்பார். அவரைப் பாதியில் திருப்பிக் கூட்டி வா என்று நான் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி முறைத்தார். நம்பரை அடித்தேன்.

எதிர்முனையில் ஒரே கூட்டம், கோஷம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பிராக்கெட் கேட்டார்:

"நிறுத்திட்டியா?"

"ஆமா மேடம்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"செரி, பொட்ட அமுக்கு. அம்மாவ மேல ஏத்திகினு கீறேன், வெக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அமுக்கினேன். திரை கடகடவென்று மேலே ஓடத் தொடங்கியது. பதினொரு மாதத்தில் பிராக்கெட் அந்தப் புரோகிராமுக்கு அனுப்பிய ஒவ்வொரு வரியும், அனுப்பிய அதே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. அவர் செய்த தப்பும் போயிற்று, அடுத்த வரியில் அதற்கான திருத்தமும் போயிற்று. நடுவில் ஓரிடத்தில் வேகம் குறைந்து, யார்டு வாசலில் லாரிக்காரர்களுக்காக வைத்த மின்பலகையிலும், எங்கள் சுவரில் இருந்த அதன் நகலிலும் கொட்டை எழுத்தில் ஒரு செய்தி வந்தது:

அண்ணாச்சி, ஏசி போடு.

எர்ணாவூர் வாசலில் நின்ற அத்தனை லாரிக்காரர்களும் அதைப் படித்திருப்பார்கள். போன மே மாதத்து வெயிலில் எழுதி, அடுத்த நிமிடம் பயந்து அழித்திருக்கிறார். அழித்த வரியும் பின்னாலேயே வந்து பலகையைத் துடைத்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பேட்டரியைப் பார்த்தேன்.

நாலைந்து நிமிடத்தில் எல்லா வரியும் ஓடி முடிந்தது. கேட்டிலிருந்து போன்: "சார், வண்டி உள்ள போவுது." அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்று, "நாளைக்கும் வந்து சேரும்" என்றார். அடுத்த வாரம் ஏசி வந்தது. கம்ப்யூட்டருக்காம்.

பிராக்கெட் ஆரஞ்சு பர்பியோடு திரும்பி வந்தார். போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளை ஸ்தூபிக்கு முன்னால் அவருடைய அம்மா, இரண்டு கையையும் கூப்பியபடி, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் நிறுத்துவேன்னு எப்படி மேடம் தெரியும்?"

"ஆறு வாரமா ஒன்ன பாத்துகினே தான கீறேன்? இன்னா ஆனாலும் ஒன் கை சுச்சுக்குதான் போவுது. பின்ன நாளைக்கு நாளைக்குன்னு ஒன் எடிட்டர்ல இன்னா பண்ணிகினு இர்ந்தேன்னு நெனச்ச? என் எடிட்டர்லேந்து நான் உள்ள அனுப்புன வரியெல்லாம் பொறுக்கி ஒண்ணு வுடாம இதுல சேத்துகினு இர்ந்தேன். மஞ்சக் கலரு சொம்மா, நீ கேள்வி கேக்காம இருக்கறதுக்கு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா நீ தெகிரியமா நிறுத்துவ."

அவர் இப்போது வியாசர்பாடி வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறார். புரோகிராமை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எடிட்டர் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. சுண்டுவிரல் இன்னும் வலிக்கிறது. திருத்தங்களை அன்றன்றைக்கே கோப்பில் எழுதிவிடுவதால் அந்தச் சாவிக்கு இப்போது வேலையும் இல்லை. இதற்குள் மூன்று கீபோர்டு மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழையதிலிருந்து அந்த நீலப் பொட்டை நகத்தால் மெல்ல உரித்து, கொஞ்சம் பசை தடவி, புதியதில் அதே இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.