எல்லாருக்கும் சமமான ஒழுகல்

பிள்ளையின் துணிகளை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாயிற்று. அடுத்த வாளி ஊறுகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். இத்தனை துணி நனைந்ததற்குக் காரணம், கடவுள் பாரபட்சம் பார்க்காதவர் என்பதுதான்.

எங்கள் சபையில் கூரை ஒழுகும். ஒழுகுவது கடைசி பெஞ்சில் மட்டும். முன் பெஞ்சுகளில் அந்தந்தக் குடும்பத்துக்கு மெத்தை போட்டிருக்கும். கடைசி பெஞ்சு மூட்டை தூக்குகிறவர்களுக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், கைப்பிள்ளையோடு வருகிற என்னைப் போன்றவர்களுக்கும். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு கர்கர் என்று இழுத்தது. இன்னொரு தடவை நனைந்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தச் சொட்டு நின்றால் போதும் என்று கேட்கப் போனோம். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். கேட்டது என் நாத்தனார்.

நாங்கள் போன நேரம் சரியில்லை. முந்தின ஞாயிறுதான் போதகர், கடவுள் ஆள் பார்த்துப் பழகுகிறவர் இல்லை, அவருக்கு முதலாளியும் கூலியாளும் ஒன்று என்று பிரசங்கம் செய்திருந்தார். செயலாளர் கைக்குட்டை நனைய அழுதார். அழுத கையோடு பாரபட்ச ஒழிப்புக் குழு என்று ஒன்றை அமைத்து, தானே தலைவராகவும் ஆகிவிட்டார். ஒழிப்பதற்கு ஒரு பாரபட்சம் அவசரமாகத் தேவைப்பட்டது.

"அந்த ஓட்டையை மட்டும் அடைச்சுட்டா போதுங்க ஐயா" என்றாள் நாத்தனார்.

"எப்படிம்மா அடைக்கிறது? உங்க பெஞ்சுக்கு மேல மட்டும் ரிப்பேர் பண்ணினா, அது உங்களுக்குத் தனியா காட்டுற சலுகை ஆயிடாதா?" என்றார் செயலாளர்.

கடைத்தெருவையே வாயால் ஜெயிக்கிற நாத்தனார், அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

குழு நேரில் வந்து அண்ணாந்து பார்த்தது. கடவுள் நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லார் மேலும் மழையை அனுப்புகிறார். கூரைதான் ஆள் பார்த்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தது. ஆகவே மேற்படி ஒழுகலைச் சபையார் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டு வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

குழாய்க்காரரை வரவழைத்தார்கள். ஓட்டைக்குக் கீழே தொடங்கி முன் பெஞ்சு வரைக்கும் ஒரு நீளக் குழாய், ஒவ்வொரு பெஞ்சுக்கு மேலேயும் ஒரு துளை. முன்பக்கம் இறக்கிக் கட்டினால்தான் தண்ணீர் அங்கே போகும் என்றார் அவர். கட்டு என்றார்கள். "தண்ணிக்கு நீதி நியாயமெல்லாம் தெரியாதுங்க, சாய்மானம்தான் தெரியும்" என்றும் சொல்லிப் பார்த்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மழையில் தண்ணீர் நடுவில் எங்கேயும் நிற்காமல் ஓடிப்போய் மொத்தமாக முதல் பெஞ்சில் இருந்த செயலாளர் தலையில் இறங்கியது. கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தவர் முதலில் அபிஷேகம் என்று நினைத்து இரண்டு கையையும் உயர்த்தினார். சட்டைக்குள் இறங்கின பிறகுதான் விஷயம் புரிந்தது.

இனி கூரையைச் சரி செய்துவிடுவார்கள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். செயலாளருக்கோ தாழ்மை வந்துவிட்டது. பெரியவன் என்கிற எண்ணமே கூடாது என்று சொல்லி, மெத்தையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். பின்னாலேயே பொருளாளர், அவர் மனைவி, நகைக்கடைக்காரர். தாழ்மை அப்படியே நாகரிகமாகிவிட்டது. ஞாயிறு விடியுமுன் கைப்பையைப் போட்டுக் கடைசி பெஞ்சில் இடம் பிடித்தார்கள். யாருக்குத் தாழ்மை அதிகம் என்று சட்டையைப் பிடிக்கிற சண்டைகூட வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். விரல் வைக்க இடமில்லை.

செயலாளர் சிரித்தார். "முன்னாடி போம்மா. கடைசியில கிடந்த உங்களுக்கு முதல் இடமே கொடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன சமத்துவம் வேணும்?"

அன்றையிலிருந்து ஆராதனையில் குடை பிடித்து உட்காருகிறேன். நாத்தனார் பெஞ்சைத் துண்டால் துடைத்துவிட்டு, தலையில் சொட்டச் சொட்ட ராணி மாதிரி உட்காருவாள். சும்மா சொல்லக்கூடாது, நனைந்தாலும் முதல் பெஞ்சு முதல் பெஞ்சுதான்.

போன ஞாயிறு, தெருப் பெருக்குகிற ஒருத்தி புதிதாக வந்தாள். இடுப்பில் பிள்ளை. அதற்கும் அதே கர்கர். எங்கள் பெஞ்சோரம் வந்து நின்றாள். நாத்தனார் பக்கத்தில் துண்டை விரித்துப் போட்டாள்.

"இது முன் பெஞ்சும்மா. நீ பின்னாடி எங்கேயாவது பாரு."

அவள் நகரவில்லை. நகர எங்கே இடம்? தண்ணீர் அந்தப் பிள்ளை தலையில் விழத் தொடங்கியது. என் குடை சின்னது, ஒரு பிள்ளைக்குத்தான் காணும். கடவுள் யார் முகத்தையும் பார்க்காதவர் என்று எனக்கும் தெரியும். நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குடையைச் சாய்த்தேன். எந்தப் பக்கம் சாய்த்தேன் என்றால்,

இருங்கள், அத்தை கூப்பிடுகிறார். மழை வந்துவிட்டதாம். ஆள் பார்க்காத மழை, இப்போதுதான் கொடியில் போட்ட என் துணி அத்தனையையும்