ஸ்லாக் மலையும் கார்பன் ஹேண்டில் பாரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையின் கொள்முதல் அதிகாரி வீரராகவன். எது வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, அதில் மலிவானதை வாங்குவது அவர் கொள்கை. அப்படி வாங்கிய மின்விசிறிகள் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்தன. யாராவது கொஞ்சம் நல்ல சாமானாகக் கேட்டால், 'கூடுதல் விலைக்கான நியாயம் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்' என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிடுவார். கேட்டவர் அதோடு ஓய்ந்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு சைக்கிள் கவிழ்த்தது.

ஆலையின் பொது மேலாளரை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பது பதவிக்கு அழகல்ல என்று மேலாளர் மலையேறும் சைக்கிள் ஒன்று வாங்கினார். உடனே அதிகாரிகள் அனைவருக்கும் உடல்நலத்தில் அக்கறை பிறந்தது. ஞாயிறு காலையில் தொப்பையும் தொடையும் பிதுங்கும் உடுப்பில் அவர்கள் வரிசையாகப் போனபோது, ஷேர் ஆட்டோக்காரர்கள் ஓரங்கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மலை என்று எதுவும் இல்லை. ரயில்வே மேம்பாலம்தான் வட்டாரத்திலேயே உயரம்.

வீரராகவனும் மலிவாக ஒன்று வாங்கியிருந்தார். முதல் ஞாயிறே மேலாளர் குனிந்து பார்த்து, "ஹேண்டில் பார் அலுமினியமா?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். அன்று வீரராகவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்பன் ஹேண்டில் பார் வந்தது. அது வந்ததும், குலுக்கலைத் தாங்கும் காற்றடைத்த முன் ஃபோர்க் இல்லாதது குறையாகத் தெரிந்தது. ஃபோர்க் வந்ததும் பிரேக்குக்கு வெட்கமாகிவிட்டது. கடைசியில் டைட்டானியம் போல்ட்டு வரை வந்து, பழைய சைக்கிளில் மிச்சமிருந்தது மணி மட்டும்தான்.

"இன்னாங்க, இவ்ளோ பெரிய டப்பாக்குள்ள ஒரு கம்பி?" என்று கேட்டாள் அவர் மனைவி இளமதி.

"கம்பி இல்ல, கார்பன். பழசவிட வெயிட்டு ரொம்ப கம்மி."

இளமதி அவர் வயிற்றைப் பார்த்தாள். "நைட்டுல ரெண்டு சப்பாத்திய கொறைச்சா அந்த வெயிட்டு சும்மாவே எறங்கும். பாப்பாவுக்கு மூச்சு மெஷின் வாங்கச் சொன்னா மட்டும் மூணு கடையில வெலை கேட்டுக்கினே கீறீங்க."

மகள் பூமிகாவுக்குப் பனிக்காலம் வந்தால் இழுப்பு. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் குடியிருந்த தெருவுக்கும் ஆலைச் சுவருக்கும் நடுவில், உலையிலிருந்து வரும் ஸ்லாக் என்னும் கசடு பல வருடமாகக் கொட்டிக் கிடந்தது. காற்றடித்தால் அந்தத் தூசி தெருவுக்குள் வரும். துவைத்த துணி கொடியிலேயே மறுபடி அழுக்காகும். தெருக்காரர்கள் சார்பில், அதே தெருவில் இருந்த அவர்கள் வீட்டின் சொந்தக்காரர் அப்பாவு மனு மேல் மனு போட்டார். அகற்றும் டெண்டரை வீரராகவன்தான் நடத்தினார். எல்லாரையும்விடக் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்தார். அவரிடம் லாரி இல்லை என்பது பிறகு தெரிந்தது.

இந்த நிலையில் ஆலைச் செலவில் அதிகாரிகளுக்கு உயர்தர சைக்கிள் வாங்க மேலாளர் ஆசைப்பட்டார். கணக்குப் பிரிவு ஆசீர்வாதம் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அதில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: 'கூடுதல் விலைக்கான நியாயம் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்.'

வீரராகவன் தலைமையில் உடனே ஆய்வுக்குழு அமைந்தது. ஆசீர்வாதம் உறுப்பினர். வேறு உறுப்பினர் கிடையாது. வீரராகவன் தன் கார்பன் சைக்கிளிலும், ஆசீர்வாதம் மளிகை வாங்கப் போகும் சைக்கிளிலும் மேம்பாலம் ஏறினார்கள். வீரராகவன் அந்தப் பக்கம் இறங்கியபோது ஆசீர்வாதம் டீயைக் குடித்து முடித்திருந்தார்.

"சார், உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"இருய்யா," என்றார் வீரராகவன். மூச்சு வந்ததும் தொடர்ந்தார். "இந்தச் சாமானோட அருமை தார் ரோட்டுல தெரியாது. கல்லும் பள்ளமும் வேணும். மலை வேணும்."

"மலைக்கு எங்க சார் போறது? ஆந்திரா போணும்."

டீக்கடையிலிருந்து பார்த்தால் ஆலைச் சுவருக்கு மேலே ஸ்லாக் குவியல் கறுப்பாகத் தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். குவியலின் உச்சியிலிருந்து இறங்கியபோது அந்த ஃபோர்க் ஒவ்வொரு பள்ளத்தையும் வெண்ணெய் போல விழுங்கியது. பிரேக் சொன்ன இடத்தில் நிறுத்தியது. வீரராகவனுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. ஆசீர்வாதம் இறங்கி வந்து, தன் பல்லெல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்தார்.

"சார், ஒத்துக்கறேன். வெலை நியாயந்தான். ஆனா குவியல அள்ளிட்டா உங்க சாமானுக்கு வேலை இல்லியே?"

வீரராகவன் யோசித்தார். பூமிகா தூக்கத்தில் இழுப்பது காதில் கேட்டது. செலவழித்த பணமும் கூடவே கேட்டது. பணத்தின் குரல் கொஞ்சம் பெரிது.

அறிக்கை தயாரானது. 'மேற்படி உதிரி பாகங்கள் கூடுதல் விலைக்கு முற்றிலும் தகுதியானவை. அவற்றின் முழுப் பயனைப் பெறும் பொருட்டு, ஆலை வளாகத்தை ஒட்டி இயற்கையாக அமைந்துள்ள மலை பாதுகாக்கப்படுவதுடன், படிப்படியாக உயர்த்தப்படவும் வேண்டும்.' வீரராகவன் கையெழுத்திட்டார். டெண்டர் ரத்தானது. குவியலுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, 'பசுமை மலை' என்று பெரிய பலகையும் வைத்தார்கள்.

அப்பாவுவின் மனு மீது விசாரிக்க அரசு அதிகாரி ஒருவர் வந்தார். பலகையை நிதானமாகப் படித்தார். "புகார் குவியல் பத்தி. இங்க இருக்கறது மலை. குவியல் எதுவும் காணப்படவில்லைன்னு எழுதிக்கறேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

இளமதி ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். அவள் திட்டியிருந்தால் வீரராகவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு வீரராகவனைத் தேடி அப்பாவு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று வீரராகவன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். அப்பாவுவோ சிரித்த முகமாக உட்கார்ந்தார்.

"சார், அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை கொஞ்சம் ஏத்திக்கறேன்."

"எதுக்குங்க?"

"மலை பார்த்த ஊடு சார் இது. பக்கத்து மனையெல்லாம் 'மலை அடிவாரம்'னு போர்டு வெச்சு விக்கறாங்க. நான் மட்டும் பழைய ரேட்டுக்கு உட்டா தெருவே சிரிக்கும்."

"தூசி வருதே, அப்பாவு. நீங்கதான மனு போட்டீங்க?"

"அது குவியலா இருந்தப்போ. இப்போ வர்றது மலைக்காத்து. நீங்களே கையெழுத்துப் போட்டுக்கீறீங்க, நான் இல்லேன்னு சொல்ல முடியுமா?"

வீரராகவனின் தொழில் புத்தி அடங்கவில்லை. "நான் வேற ரெண்டு எடத்துல வாடகை விசாரிச்சுட்டுச் சொல்றேன்," என்றார்.

"தாராளமா விசாரிங்க சார். இந்த மலை இல்லாத எடமா ஒரு ஊடு கெடைச்சா எனக்கும் சொல்லுங்க. நானே குடி போய்டறேன். நம்மால மூச்சு உட முடியல."

சொல்லிவிட்டு அப்பாவு இருமினார். உள்ளே பூமிகா இருமினாள். வீரராகவனுக்கும் தொண்டை கரகரத்தது. கையெழுத்துப் போட்டவர் இருமக்கூடாது என்று அடக்கிக்கொண்டார்.