எழுபத்தெட்டு சதவீதம் செஞ்சி

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ படைகள் வந்து போயிருக்கின்றன. ஆனால் அந்தக் கோட்டைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரு அரசாங்கப் படிவத்தின் ஏழாவது கட்டத்தோடு ஒரு வருஷம் சண்டை போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஊருக்கு அவர் தராசுக்காரர். அவருடைய சொந்தப் பெயரை அவர் வீட்டம்மாவே மறந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

நான் அப்போது செஞ்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அங்கன்வாடிகளுக்குத் தட்டு, டம்ளர், எடை மிஷின் வாங்குகிற ஃபைல் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். வேலையில் சேர்ந்த முதல் நாள் அவருடைய தராசுக் கடையைக் கடந்து போனேன். முன்பின் தெரியாத மனுஷர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "அறுபத்தி மூணு" என்றார். நான் வீட்டில் என் எடை அறுபது கிலோ என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே தலை வைக்கவில்லை.

அவருக்கு அது வியாதி. சட்டைப் பையில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்று எப்போதும் தொங்கும். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைக் கையில் கொடுத்தால் முதலில் அதைக் கொக்கியில் மாட்டிப் பார்ப்பார். பெண் வீட்டார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தேங்காய் சின்னதாக இருந்தால் அவர் எதுவும் சொல்ல மாட்டார், பெருமூச்சு மட்டும் விடுவார். அதற்குச் சொல்லியே காட்டியிருக்கலாம்.

அந்த வருஷம்தான் மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்தது. அரசாங்கத்துக்கு விற்கிற சரக்கில் பாதியாவது உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று ஏழாவது கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரிலிருந்த மற்ற வியாபாரிகள் என் மேஜை முன்னால் நின்றபடியே நூறு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். தராசுக்காரர் மட்டும் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் கடையில் எட்டிப் பார்த்தால், குழந்தைகளை எடை போடுகிற மிஷின் ஒன்று அக்கு வேறு ஆணி வேறாகத் தரையில் கிடந்தது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக நிறுத்து, சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் மூணு கிலோம்மா. அதுல நம்மூரு சரக்கு மேல இருக்கிற தட்டு மட்டும்தான், நானூறு கிராம். மிச்சமெல்லாம் எங்கெங்கயோ இருந்து வந்துருக்குது. நான் எப்படிம்மா பாதின்னு எழுதறது?"

மற்றவர்கள் மாதிரி எழுதிவிட்டுப் போங்களேன் அண்ணே, யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். நான் ஒரு கிளார்க், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"தராசு விக்கிறவன் பொய் எழுதினா, அப்புறம் இந்த ஊர்ல எவன் எடைய நம்புவான்?" என்றார்.

பொய்யும் எழுத மாட்டார், ஆர்டரையும் விட முடியாது. ரேஷன் கடைக்கு மிஷின் மேலிருந்தே வந்துவிடுகிறது. காய்கறிக் கடைக்காரர்கள் போனில் ஆர்டர் போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு அங்கன்வாடிக்கான இந்த ஒரு ஆர்டரும் போனால் கடையை மூடிவிட்டுத் திண்டிவனத்தில் தன் தம்பி நடத்துகிற இட்லிக் கடைக்கு மாவாட்டப் போகலாம் என்று வீட்டம்மா கெடு வைத்துவிட்டார். அதனால் தராசுக்காரர் போரில் இறங்கினார்.

முதலில் எதிர்ப்புக் கமிட்டி. தலைவர் அவர், உறுப்பினர்கள் இரண்டு பேர்: ஃபைல், பேனா விற்கிற பாயும், பம்புசெட் கடைக்காரரும். நாங்கள் விற்கிறவர்கள், செய்கிறவர்கள் இல்லை, டப்பாவுக்குள் எந்த நாடு இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும், இந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று கலெக்டருக்கு ஒரு மனு. நியாயமான மனுதான். ஆனால் விதியை எதிர்க்கிற மனு அந்த விதிப்படியே இருக்க வேண்டும் என்று தலைவர் கொடி பிடித்தார். பேப்பர் தேறியது. பேனாவைப் பிரித்தால் முள் எந்த நாடு என்று பாய்க்கே தெரியவில்லை. பென்சிலும் தேறவில்லை. பத்து நாள் மனு கையெழுத்தாகாமல் கிடந்தது. கடைசியில் பம்புசெட்காரர் அடுப்புக்கரியைக் குழைத்து மூன்று பேரையும் கைநாட்டு வைக்கச் சொன்னார். அன்றோடு பாய் ராஜினாமா. "எனக்குக் கடை இருக்குது, ஆள விடுங்க" என்று கையைக் கழுவிக்கொண்டே போனார். மூன்று டிகிரி படித்த மனுஷர், பாவம். மனுவுக்குப் பதிலும் வரவில்லை.

படிவம் கொடுக்கிற கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் தராசுக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு ஆள் சேர்ந்து ஏதோ ஒன்றைத் தூக்கிவந்து அதிகாரி மேஜையில் வைத்தார்கள், மேஜை முனகியது. அதே குழந்தை எடை மிஷின்தான். அதன் அடியில் ஒன்பது கிலோவில் கருங்கல் பலகை ஒன்று போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. அவலூர்பேட்டை ரோட்டில் அம்மி கொத்துகிறவரிடம் சொல்லி இழைத்தது.

"இப்ப மொத்தம் பன்னெண்டு கிலோங்க. அதுல ஒம்போது கிலோ நானூறு கிராம் நம்மூரு சரக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, எழுபத்தெட்டு புள்ளி மூணு சதவீதம்."

அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: அந்தச் சதவீதம் எடையில் இல்லை, விலையில். எந்த வியாபாரிக்கும் இது புரிந்திருக்கும். ஆனால் நாற்பது வருஷமாக உலகத்தையே கிலோவில் பார்த்தவருக்கு, சதவீதம் என்றால் எடை என்பதைத் தாண்டி வேறொன்று தோன்றவேயில்லை. கல்லின் விலையைச் சேர்த்தாலும் பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் மிஷினைத் தூக்கச் சொன்னார். வாசலில் வாட்ச்மேன் வணக்கம் வைத்தார், அவருடைய எடையைக்கூடச் சொல்லாமல் போனார்.

ஆர்டர் ஏதோ பெரிய நகரத்துக் கம்பெனிக்குப் போயிற்று. ஏழாவது கட்டத்தில் நல்ல எண்ணாக எழுதி, சர்டிபிகேட்டும் வைத்திருந்தார்கள். மிஷின்களும் வந்தன, பார்க்க லட்சணமாக, தக்கை மாதிரி இரண்டரைக் கிலோவில். ஒரே வாரத்தில் அனந்தபுரம் அங்கன்வாடி டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், புள்ள காலை ஒதைச்சா மிஷின் ஓடுது. ஒரே புள்ளைக்கு மூணு எடை காட்டுது. நான் எத ரிஜிஸ்டர்ல எழுதறது?"

எடை குறைந்த பிள்ளைக்குத்தான் கூடுதல் சத்துமாவு. தப்பாக எழுதினால் அந்தப் பிள்ளையின் பங்கு போய்விடும். கம்பெனிக்கு எழுதினோம். சமதளமான இடத்தில் வைக்கவும் என்று பதில் வந்தது. அங்கன்வாடித் தரையை அவர்கள் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் தராசுக்காரர் கடைக்குப் போனேன். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடுதா?" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆர்டர் எப்படியும் வந்துவிடும் என்ற தைரியத்தில் பன்னிரண்டு கல்லையும் முன்கூட்டியே இழைத்து வைத்திருந்தார். மறுநாளிலிருந்து தினமும் இரண்டு கல், மொபெட்டின் முன்பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று. வண்டி தரையைத் தொட்டுக்கொண்டு போனது. ஆறு நாளில் பன்னிரண்டு மையத்திலும் போட்டியில் தன்னை ஜெயித்த கம்பெனியின் மிஷினுக்கு அடியில் தன் கல்லை வைத்து முடுக்கிவிட்டு வந்தார். காசு கேட்கவில்லை. கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மேல வெளியூரு, கீழ செஞ்சி. இப்ப நிறுத்துப் பாரும்மா, எழுபத்தெட்டு வருதா இல்லியான்னு."

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை உதைத்தும் மிஷின் அசையவில்லை. அதிகாரியே அவரைக் கூப்பிட்டு, வட்டாரத்து மிஷின் எல்லாவற்றையும் வருஷா வருஷம் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார். கடை மூடவில்லை. வீட்டம்மாவும் திண்டிவனம் போகவில்லை, ஆனால் சண்டை வரும்போதெல்லாம் பஸ் நேரம் மட்டும் விசாரித்து வைத்துக்கொள்வதாகக் கேள்வி.

நான் மாற்றலாகி விழுப்புரம் வந்த பிறகுதான் என் இரண்டாவது பெண் பிறந்தாள். எட்டாம் மாசத்திலேயே பிறந்த குழந்தை, கொஞ்சம் பூஞ்சை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வாரமும் எடை பார்த்து, நன்றாக ஏறுகிறது, பயப்படாதீர்கள் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

தராசுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, மிஷின் மேல் மெத்தென்று ஒரு துண்டை விரித்து, அதை முதலில் நிறுத்துக் கழித்தார். "கொலுச கழட்டும்மா. புள்ள எடையில புள்ள மட்டும்தான் இருக்கணும்" என்றார். முள் ஆடாமல் நிற்கிறவரைக்கும் மூச்சுக்கூட விடாமல் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நாலு கிலோ எரநூறு. நல்லா இருக்குது, போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் சொன்னதும் அதே எடைதான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.