இன்னும் இடியாத இடிபாடு

மேடூர் நாட்டில் மன்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். வருகிறவர் முதல் வேலையாகப் போனவர் கட்டியதை இடிப்பார். ஏழு தேர்தல்களில் வயல்களின் மேல் இடிபாடு மலையாகக் குவிந்துவிட்டது.

கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்ப்பது அரசுச் சோதனைக்கூடத்தில் செங்கமலத்தின் வேலை. அவள் அந்த இடிபாட்டை உடைத்து, சலித்து, கழுவி, கான்கிரீட் போட்டு, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கினாள். தூணுக்கே தாங்கும் என்றது நசுக்கும் இயந்திரத்தின் முள். அப்படியே எழுதினாள்.

கட்டுமான அமைச்சர் மதிவாணர் மகிழ்ந்துபோய் ஆணையிட்டார்: இனி இடிபாட்டைக் கொண்டே கட்ட வேண்டும். நல்ல ஆணைதான். ஓராண்டில் மலைகள் கரைந்து வயல்கள் தெரிந்தன. அப்புறம் இரண்டாவது ஆணை வந்தது: இடிபாட்டுத் தட்டுப்பாடு நீங்கும்வரை, நிற்கும் வீடுகள் 'இன்னும் இடியாத இடிபாடு' எனக் கருதப்படும்.

மூன்றாம் வாரம் செங்கமலத்தின் வீடு போனது. அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, இடிஞ்சு கிடந்ததைத்தானே எடுக்கச் சொன்னேன்? இடிக்கச் சொல்லலையே!"

"இடிக்காம இடிபாடு எங்கேருந்தும்மா வரும்? படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

அவளுக்கு அவர் சொல்வது சரி போலத்தான் இருந்தது.

"அதை வச்சு என்னங்கய்யா கட்டுறோம்?"

"வீடிழந்தோர் குடியிருப்பு."

"போன வருஷம் வீடிழந்தவங்க யாருமே இல்லையேங்கய்யா?"

"பாத்தியா, மன்னருக்கு எவ்வளவு முன்யோசனை!"

குடியிருப்பு எழுந்தது. அதன் சோதனைக் கட்டி செங்கமலத்தின் இயந்திரத்துக்கு வந்தது. வெளியே, வீடிழந்து கூடாரங்களில் இருந்தவர்கள் சாவிக்காக நின்றார்கள்.

"அக்கா, பாஸா பெயிலா? மழை வருது, சட்டுனு சொல்லு!" என்று கத்தினான் பரஞ்சோதி. முன்பு பக்கத்து வீடு, இப்போது பக்கத்துக் கூடாரம்.

முள் குறியைத் தாண்டியும் ஏறியது. அதன் பிறகே கட்டி பிளந்தது. உள்ளே ஒரு சில்லில் நீலம். அவள் தன் கையால் அடித்த சமையலறைச் சுவரின் நீலம்.

'பலவீனம்' என்று எழுதினால் இதை இடிப்பார்கள். 'பலம்' என்றால் இன்னும் கட்ட அடுத்த தெருவை இடிப்பார்கள். ஆனாலும் வெளியே நிற்பவர்களுக்காவது இன்றைக்குக் கூரை கிடைக்கும். உள்ளதையே எழுதினாள்: முதல் தரம்.

மதிவாணர் தாளை இருமுறை படித்தார்.

"முதல் தரமா! இதைப் போய் வெறும் வீடா நிக்க விடலாமா? மன்னர் சிலைக்குப் பீடம் வேணும்மா."

வெளியே 'பாஸ்' என்ற சேதி மட்டும்தான் எட்டியிருந்தது. குடியிருப்பை நோக்கி வந்த இடிக்கும் வண்டிக்குக் கூட்டம் கைதட்டியபடியே வழிவிட்டது.