ஒரு மின்விசிறி, இருபது வெற்றியாளர்கள்

படிப்பைக் காட்டிக்கொள்ளத் துடிக்கும் வயது ஒன்று எல்லோருக்கும் வருகிறது. எனக்கு அது 1959இல் வந்தது. சித்திரைப் பிறப்புக்கு அடுத்த ஞாயிறு மாலை உச்சத்தைத் தொட்டது. (தேதிகளில் நான் கறார். இந்தத் தேதியை மட்டும் மறக்கப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.)

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வாசகர் மன்றம் இருந்தது. ஆண்டுவிழாவில் ஆங்கில டிக்டேஷன் போட்டி, நடத்துபவன் நான். எல்லாச் சொல்லையும் சரியாக எழுதுபவருக்குப் புத்தம் புதிய மேசை மின்விசிறி. அதைக் கொடுத்தவர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த வேலாயுதம். அவர் மகள் கமலத்தை மறுநாள் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையை ஒரு நாள் முன்னதாகவே எடைபோட, மகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவரை அசத்தியாக வேண்டும். ஒரே மாதிரி ஒலித்து, எழுத்தும் பொருளும் வேறுபடும் சொற்களாகவே பொறுக்கி வைத்திருந்தேன். "மீட்" என்றேன். இறைச்சியும் மீட், சந்திப்பதும் மீட். "சன்" என்றேன். மகனும் சன், சூரியனும் சன்.

தபால்காரர் மாணிக்கம் எழுந்தார். "தம்பி, ஒரு வாக்கியத்துல வச்சுச் சொல்லுங்க. எந்த மீட்டுன்னு எப்படித் தெரியும்?"

"தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது" என்றேன். (அந்தக் குரலை இன்று கேட்டால் நானே போய் ஓர் அறை விடுவேன்.)

திருத்தி முடித்து, ஒருவரும் வெற்றி பெறவில்லை என்று அறிவித்தேன்.

"நான் எழுதினது தப்பான சொல்லா?" என்றார் மாணிக்கம்.

"சரியான சொல்தான். நான் நினைத்தது வேறு."

"நீங்க நினைச்சதை நாங்க எப்படி எழுதுறது லா?"

கூட்டம் மேடையை நெருங்கியது. பயத்தில் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். அது இன்னும் மோசமாயிற்று. முதல் பரிசுக்கு இருபது பேர், மின்விசிறி ஒன்று.

"ஆளுக்கொரு இறக்கையா பிச்சுக் குடுங்க" என்றது பின்வரிசை.

"இறக்கை மூணுதாண்டா இருக்கு."

வேலாயுதம் மேடையேறினார். "ஃபேன் இங்கயே ஓடட்டும். எல்லாரும் காத்து வாங்குங்க."

கூட்டம் அடங்கியது. கமலம் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள்கள் குலுங்கின. கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

"நாளைக்கு நாங்க வரலாமா ஐயா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் முந்தானையை எடுக்காமலே தலையாட்டினாள்.

"வாங்க தம்பி. பேசுறதை மட்டும் உங்க அம்மா பாத்துக்கட்டும்."

போனேன். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

பல ஆண்டுகள் கழித்து எங்கள் மகளின் திருமணத்தில் நன்றி சொல்ல எழுந்தேன். கமலம் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள். "அத்தை இப்ப இல்ல. அதனால நான் பேசுறேன்" என்றாள். மண்டபமே சிரித்தது. அந்த வழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டது. இப்போதெல்லாம் டாக்டரிடம் என் வயிற்றுவலியைக்கூடப் பேத்திதான் விவரிக்கிறாள்.